ஒன்பதரையிலிருந்து மூன்றரை வரை

2025 ஜூலையில் எங்கள் பாலக்காடு மாவட்டத்திலேயே, வவ்வாலிடமிருந்து பரவும் நிபா காய்ச்சல் என்று செய்தி வந்த அன்று சாயங்காலம், பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்றார். அவருடைய பேரனுக்கு மூன்றரை வயது. மருமகள் தினமும் பொள்ளாச்சிக்கு வேலைக்குப் போகிறவள். "ஏன் அம்மிணி, பால்வாடிய மூடிப்போடுவாங்களா?" என்று கேட்டார். அது ஒன்றுதான் கேட்டார். வவ்வாலைப் பற்றியோ பழத்தைப் பற்றியோ பேச்சே எடுக்கவில்லை.

நோய் வந்தது மண்ணார்க்காடு பக்கம். நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. நடுவே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். "இங்க வரைக்கும் வராதுங்க்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அடுப்படியில் எனக்குக் கை ஓடவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். "மார்ச் 31 வரைக்கும்தான்" என்று பதில் கிடைத்தது. அந்த மார்ச் 31 முடிய எங்களுக்கு 2022 பிப்ரவரி ஆனது.

இங்கே எல்லாரும் பால்வாடி என்றுதான் சொல்வோம். போர்டில் மலையாளத்தில் அங்கணவாடி என்று எழுதியிருக்கும். ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு வேப்பமரம், பக்கத்தில் தென்னந்தோப்பு. டீச்சர் தமிழ்தான் பேசுவார், மேலிடத்துக்கு எழுதுவது மலையாளத்தில். ஒரே மூச்சில் நிலா நிலா ஓடி வா பாடிவிட்டு அடுத்து ஒரு மலையாளப் பாட்டுக்குத் தாவுவார், பிள்ளைகளும் கூடவே தாவுவார்கள். மத்தியானம் கஞ்சியும் பயறும். அப்புறம் பாய் விரித்து ஒரு தூக்கம்.

என் மகளுக்கு 2020 பிப்ரவரியில் மூன்று வயது முடிந்தது. முடிந்த வாரமே சேர்த்துவிட்டேன். எனக்கு வேலை கிணத்துக்கடவு பக்கம் ஒரு கம்பெனியில், கணக்குப் பிரிவில். காலை ஏழே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒன்பதரைக்கு அவள் அப்பா கொண்டுபோய் விடுவார். மூன்றரைக்கு என் அம்மா, பிள்ளைக்கு அம்மாயி, எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்து கூட்டிப்போவார். ஏழு மணிக்கு நான் வேலையிலிருந்து திரும்பும்போது அம்மா வீட்டில் இறங்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவேன். மூன்று கல் கூட்டி வைத்த அடுப்பு மாதிரி இருந்தது அந்த ஏற்பாடு. ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது.

மார்ச் 10, செவ்வாய்க்கிழமை. அங்கன்வாடிகளையும் ஏழாம் வகுப்பு வரை பள்ளிகளையும் மூடுவதாக முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி ஜனவரி 30 அன்று திருச்சூரில் கண்டறியப்பட்டிருந்ததால் கேரளம் மற்ற மாநிலங்களைவிட முன்னாலேயே விழித்துக்கொண்டது. மாநிலத்தின் 33,115 அங்கன்வாடிகளும் ஒரே அறிவிப்பில் மூடின. அந்த வாரக் கடைசியில் தமிழ்நாடும் எல்லையோர மாவட்டங்களின் சின்ன வகுப்புகளுக்கு விடுமுறை சொன்னது. அப்போது அது சரியான முடிவு என்றே நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். குழந்தைகளை இந்த நோய் எப்படித் தாக்கும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தெரியாத பூதம் வாசலில் நிற்கும்போது முதலில் பிள்ளையைத்தான் உள்ளே இழுப்போம்.

இன்னொன்றையும் நன்றியோடு சொல்ல வேண்டும். மூடிய இரண்டு மூன்று நாளிலேயே அங்கன்வாடிச் சாப்பாட்டுக்குப் பதிலாக அரிசியும் பயறும் வீடு தேடி வந்தன. டீச்சரும் ஆயாவும் ஸ்கூட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பக்கத்து வளவில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அமிர்தம் பொடி வருவது ஒரு மாதம்கூட நிற்கவில்லை. கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை போட்டுக் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுப் பெண்கள் அரைக்கும் மாவு அது. வெறும் வாணலியில் லேசாக வறுத்து, நெய் விட்டு உருண்டை பிடித்தால் பெரியவர்களும் கை நீட்டுவார்கள். பட்டினி வரக் கூடாது என்று அரசு நினைத்தது, வராமல் பார்த்துக்கொண்டது. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

ஆனால் பால்வாடி எங்களுக்குக் கொடுத்தது கஞ்சி மட்டும் அல்ல. ஒன்பதரையிலிருந்து மூன்றரை வரை பிள்ளை ஒரு பத்திரமான இடத்தில் இருந்தாள். அந்த ஆறு மணி நேரத்தை எந்த ஸ்கூட்டியிலும் வைத்துக் கொண்டுவந்து தர முடியாது. அது இல்லாமல் போனதைப் பற்றி அன்றைக்கு எந்த உத்தரவிலும் ஒரு வரி இல்லை. வீட்டில் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த யாராவது யார் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும்.

மார்ச் 25-லிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. கம்பெனியும் மூடியதால் முதல் இரண்டு மாதம் நான் வீட்டில்தான் இருந்தேன். அந்த நாட்களில் வேறொன்று உடைந்தது. எங்கள் ஊருக்கும் அம்மா ஊருக்கும் நடுவே உள்ள தார்ச்சாலையில் இரும்புத் தடுப்பு வைத்தார்கள். அதற்கு முன்பு அந்த இடத்தில் எல்லை என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு நினைவில் இருந்ததில்லை. ரேஷன் கார்டு இந்தப் பக்கம், சந்தை அந்தப் பக்கம், கோயில் இந்தப் பக்கம், சம்பந்தி வீடு அந்தப் பக்கம். வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் செக்போஸ்ட் உண்டு, அது லாரிக்காரர்கள் சமாசாரம். நடந்து போகிற கிழவிக்கு எது கேரளம், எது தமிழ்நாடு?

ஏப்ரலில் ஒரு நாள் அம்மா தூக்குபோசியில் அரிசிம்பருப்புஞ்சோறு ஆக்கிக் கொண்டுவந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றார். காவலுக்கு இருந்த பையன் நல்லவன். "போசிய நடுவுல வெச்சுட்டுத் தள்ளிப் போங்க பாட்டி, அவங்க வந்து எடுத்துக்கட்டும்" என்றான். அம்மா வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போனார். நான் போய் எடுத்தேன். போசியின் மூடி இன்னும் சுட்டது. என் மகள் என் கையை உதறிக்கொண்டு தடுப்புக்கு அடியில் குனிந்து ஓடப் பார்த்தாள். அவளைப் பிடித்து இழுத்தேன். "அம்மாயி எடுத்துக்கோ, அம்மாயி எடுத்துக்கோ" என்று இரண்டு கையையும் நீட்டிக் கத்தினாள். என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தார். அடுத்த நாளிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தடுப்புக்குப் போகவில்லை. போசியை என் வீட்டுக்காரர் போய் வாங்கிவந்தார்.

அவர் தேங்காய் லோடு வண்டி ஓட்டுகிறவர். சரக்கு வண்டிகளுக்கு அனுமதி கிடைத்ததும் ஓட ஆரம்பித்தார். இரண்டு மாநிலத்துக்கும் போய்வருகிறவர் என்பதால் வீட்டுக்குள் வராமல் தோப்புச் சாளையில் படுத்துக்கொண்டார். மாமனாருக்கு எழுபத்து மூன்று வயது, பக்கவாதம் வந்து கோல் ஊன்றி நடப்பவர். முதியவர்களை வீட்டிலேயே தனியாகப் பாதுகாக்கச் சொல்லி ரிவர்ஸ் குவாரண்டைன் என்று அறிவுறுத்தியிருந்தார்கள். அவரிடம் பிள்ளையை விட முடியாது. அவரையே ஒருவர் பார்க்க வேண்டும்.

கம்பெனி ஜூனில் கூப்பிட்டது. எல்லை தாண்ட பாஸ் வேண்டும், தினமும் போய்வர பாஸ் கிடைக்கவில்லை. ஒரு மாதம் கிணத்துக்கடவிலேயே தங்கி வேலை பார்க்கச் சொன்னார்கள், பிள்ளையை எங்கே விடுவது என்று கேட்டேன். "எல்லார் வீட்லயும்தான் குழந்தை இருக்குது" என்று பதில் வந்தது. உண்மைதான். ஆனால் என்னோடு அதே பிரிவில் இருந்த நான்கு ஆண்களிடம் யாரும் பிள்ளையைப் பற்றிக் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. ஜூலையில் எழுதிக்கொடுத்துவிட்டு நின்றுவிட்டேன். ஒன்பது வருட வேலை. என்னோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பெண்கள் ஏழு பேரில் அந்த வருடக் கடைசியில் வேலையில் இருந்தவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கும் பிள்ளைகள் பெரியவர்கள்.

பால்வாடி மட்டும் அல்ல. கோயம்புத்தூரில் என் சிநேகிதி ஒருத்தி வாடகை வீட்டில் பிளே ஸ்கூல் நடத்தி வந்தாள். இருபத்திரண்டு பிள்ளைகள், இரண்டு டீச்சர், ஒரு ஆயா. ஐந்து மாதம் கையிலிருந்து வாடகை கட்டிப் பார்த்தாள். ஆறாவது மாதம் பிளாஸ்டிக் சறுக்குமரத்தையும் குட்டி நாற்காலிகளையும் பழைய சாமான்காரருக்கு எடை போட்டுக் கொடுத்தாள். "நாற்காலிய ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்கினப்பதான்டி அழுகை வந்துச்சு" என்று போனில் சொன்னாள். அவள் மறுபடி திறக்கவில்லை.

எங்கள் வளவில் ஐந்து வீடு. காட்டு வேலை தொடங்கிவிட்டது, தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலையும் வந்துவிட்டது, பெண்கள் போயாக வேண்டும். நான் வேலையை விட்டு நின்றதால் முதலில் என்னிடம் இரண்டு பிள்ளைகளை விட்டார்கள், அப்புறம் நான்கு. மாமனாரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் நாட்களில் என்னாலும் முடியாது. அப்போது அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது ஏழாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமி. பன்னிரண்டு வயது. அவளை நான் மறக்கவே மாட்டேன்.

ஜூன் 1-ல் கேரள அரசின் கல்விச் சேனலான விக்டர்ஸில் ஃபர்ஸ்ட் பெல் என்ற பாட வகுப்புகள் தொடங்கின. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் தனி வகுப்பு வந்தது. அவள் அம்மாவின் போனில் அதைப் பார்ப்பாள். ஒரு நாள் மத்தியானம் திரும்பி வந்தபோது திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை, மடியில் தலை வைத்து என் மகள், தூணில் சாய்த்து வைத்த போனில் கணக்கு வகுப்பு. குழந்தை போனைப் பிடித்து இழுக்கும்போதெல்லாம் அவள் அதைத் தூக்கித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். பின்னம் நடத்திக்கொண்டிருந்தார்கள். "புரியுதா கண்ணு?" என்று கேட்டேன். "ராத்திரி மறுபடி பாத்துக்குவேன் சித்தி" என்றாள். ராத்திரி அந்தப் போன் அவள் அண்ணன் கைக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கான இடம் மூடினால் அந்தப் பாரம் அம்மாவோடு நிற்பதில்லை. அக்காமார்களின் படிப்பிலும் போய் உட்காருகிறது.

அங்கன்வாடி வயதுப் பிள்ளைகளுக்கும் 2020 ஜூலையிலிருந்து அதே சேனலில் காலையில் அரை மணி நேரம் கிளிக்கொஞ்சல் என்று நிகழ்ச்சி போட்டார்கள். ஆசையாகத்தான் செய்திருந்தார்கள். பாட்டு, கதை, பொம்மை எல்லாம் உண்டு. ஆனால் முழுக்க மலையாளம். டீச்சர் நடுவில் உட்கார்ந்து சொல்லித் தந்தால் இரண்டு பாஷையும் ஒன்றாக ஏறும் பிள்ளைக்கு, பெட்டியிலிருந்து வந்த ஒரு பாஷை பாதிதான் ஒட்டியது. மலையாளத்தில் கிளி என்றால் எந்தக் குருவியும் கிளிதான், நம் கிளிக்கு அங்கே தத்த என்று பெயர். மகள் வேப்பமரத்து மைனாவைக் காட்டி "கிளி" என்பாள். "அது மைனா சாமி" என்பார் மாமனார். "இல்ல அப்பாரு, டிவில கிளின்னு சொன்னாங்க" என்று அழுகைக்கே போய்விடுவாள். இரண்டு பேர் சொல்வதும் சரி என்று எடுத்துச் சொல்ல டீச்சர் இல்லை. அந்த நேரத்தில் டீச்சர், குவாரண்டைன் வீடுகளுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். மீதி நேரத்தில் தனியாக இருக்கும் முதியவர்களுக்குப் போன் போட்டு, மாத்திரை போட்டாயிற்றா என்று விசாரித்தார்.

2020 மே மாதமே கள்ளுக்கடை திறந்தது. ஜவுளிக்கடை திறந்தது, கோயில் திறந்தது, 2021-ல் தேர்தலும் நடந்து முடிந்தது. நவம்பர் 1-ல் சின்ன வகுப்புகள் உட்பட பள்ளிகளைத் திறந்தார்கள். 2022 ஜனவரித் தொடக்கத்தில் அங்கன்வாடியை அரை நாளுக்குத் திறந்து, ஒமிக்ரான் பரவியதும் அந்த மாதமே மூடினார்கள். பிப்ரவரி 14-ல்தான் ஒழுங்காகத் திறந்தது. தமிழ்நாட்டில் மழலையர் பள்ளிகள் பிப்ரவரி 16-ல். முதலில் மூடியது எதுவோ அதுதான் கடைசியில் திறந்தது. எனக்கு ஆறாத கோபம் இந்த வரிசையில்தான்.

கேரளத்துக்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க நான் விரும்பவில்லை. 2021 ஜூன், ஜூலையில் ஐசிஎம்ஆர் என்ற மத்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ரத்தம் சோதித்து எடுத்த நான்காவது செரோ சர்வேயில் நாடு முழுக்க 67.6 சதவீதம் பேருக்கு கொரோனாவை எதிர்க்கும் ஆன்டிபாடி இருந்தது. கேரளத்தில் 44.4 சதவீதம்தான். நோய் தொடாதவர்கள் இங்கேதான் அதிகம் இருந்தார்கள், அதனால் பயப்படக் காரணம் இருந்தது. ஆனால் அதே சர்வே நாடு முழுக்க ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்துபோனதையும் காட்டியது. பள்ளிகளைத் திறப்பதானால் தொடக்க வகுப்புகளை முதலில் திறப்பது நல்லது, சின்னப் பிள்ளைகள் இந்த வைரஸைப் பெரியவர்களைவிட நன்றாகத் தாங்குகிறார்கள் என்று ஐசிஎம்ஆர் தலைவர் பல்ராம் பார்கவா அந்த ஜூலையிலேயே சொன்னார். டென்மார்க் 2020 ஏப்ரல் 15-லேயே, ஊரடங்கைத் தளர்த்தும்போது முதல் வேலையாகக் குழந்தைக் காப்பகங்களையும் சின்ன வகுப்புகளையும் திறந்தது. பிரிட்டனில் மூடிய நாட்களிலும் நர்ஸ், போலீஸ், கடை ஊழியர் மாதிரி அவசிய வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்கு இடம் வைத்திருந்தார்கள். அந்த அளவு பணமும் கட்டடமும் நம்மிடம் இல்லைதான். வேப்பமரம் இருந்தது. ஐந்தைந்து பிள்ளைகளாக, காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம் என்று அதன் நிழலில் உட்கார வைத்திருக்கலாம்.

ஒரு வழி அன்றைய சட்டத்திலேயே இருந்தது. நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ கூட வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவருக்கும் கூலி கொடுக்க அந்தச் சட்டம் சொன்னது. அதையே கொஞ்சம் நீட்டி, மூடிய காலத்தில் வளவுக்கு ஒரு பெண்ணுக்குக் கூலி கொடுத்திருந்தால் அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமி பின்னக் கணக்கை உட்கார்ந்து படித்திருப்பாள்.

பிப்ரவரி 14, திங்கட்கிழமை. என் மகளுக்கு ஐந்து வயது. இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய சின்னப் பை தோளில் ஏறவில்லை, புதுப் பை வாங்கினோம். வாசலில் டீச்சர் மாஸ்க் போட்டு நின்றார். அவர் கண்ணை மட்டும் பார்த்து என் மகள் என் பின்னால் ஒளிந்தாள். உள்ளே ஒன்பது பிள்ளைகள். யாருக்கும் வட்டமாக உட்காரத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் சுவர் பக்கம் ஒட்டிக்கொண்டு அடுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பையன் பந்தை எடுத்தான், இன்னொருத்தி அதைப் பிடுங்கினாள், அவன் திருப்பிப் பிடுங்கவும் இல்லை, அழவும் இல்லை. என்ன செய்வது என்று கேட்கிற மாதிரி டீச்சரின் முகத்தைப் பார்த்தான். டீச்சர் என் பக்கம் திரும்பி, "எல்லாத்தையும் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும் போல" என்றார். அந்த ஜூனில் மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். பால்வாடி அவளுக்கு முன்னால் ஒரு மாதம், பின்னால் நான்கு மாதம்.

இப்போது அவள் நாலாம் வகுப்பு, நன்றாகப் படிக்கிறாள். நான் வெல்ல மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன், பழைய சம்பளத்தில் பாதி. அம்மாயிக்கு மூட்டுவலி, நடந்து வர முடிவதில்லை, நாங்கள்தான் போகிறோம்.

நிபா செய்தி வந்து நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வளவுப் பெண்கள் ஐந்து பேரும் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். டீச்சரையும் கூப்பிட்டிருந்தோம். 2023 செப்டம்பரில் நிபா வந்தபோது கோழிக்கோட்டில் பள்ளிகளை மூடினார்கள், அங்கன்வாடிக்கும் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று சொன்னார்கள் என்று அவர்தான் சொன்னார். இங்கேயும் ஒரு நாள் வரலாம். வந்தால் எந்தப் பிள்ளை எந்த வீட்டில், யாருக்குக் காய்ச்சல் என்றால் யார் ஒதுங்குவது, தோப்பில் எந்த இடத்தில் காற்றோட்டம் என்று பேசினோம். பெரிய பெண்பிள்ளைகளிடம் விடுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்தோம். அக்காவின் மகனையும் இரண்டு நாள் எழுதினோம். அவன் தலையைச் சொறிந்தான், ஆனால் சரி என்றான்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி அக்கா வீட்டு அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறோம். வியாழக்கிழமை என் முறை. மண்டி முதலாளியிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.